தெரபி படிக்கும் மாணவரின் சொந்த தெரபி: ரகசியம் எங்கே கசிகிறது

பயிற்சிப் படிப்புகளின் விதிமுறைத் தாளில் ஒரு வரி இருக்கும்: "மாணவர் இத்தனை மணி நேரம் சொந்த தெரபியில் இருந்ததற்குச் சான்று தர வேண்டும்." சொந்த தெரபி என்றால், தெரபிஸ்டாகப் படிப்பவர் தானே ஒரு தெரபிஸ்டிடம் போய்ப் பேசுவது. அந்தச் சான்றில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று சொல்லும் வரி பல தாள்களில் இருக்காது. பின்னால் வரும் சங்கடங்களில் பெரும்பாலானவை அந்த இல்லாத வரியால் வருபவை.

சான்றுக்கு ஐந்து விஷயம் போதும்: மாணவரின் பெயர், தெரபிஸ்டின் பெயரும் தகுதியும், தொடங்கிய தேதி, முடிந்த தேதி அல்லது "தொடர்கிறது" என்ற சொல், மொத்த மணி நேரம். கீழே ஒரு கையெழுத்து. என்ன பிரச்சினைக்காக வந்தார், எவ்வளவு தேறினார், இந்தத் தொழிலுக்கு ஏற்றவரா என்பவற்றில் ஒன்றுகூட வரக் கூடாது. "நல்ல முன்னேற்றம் காட்டினார்" என்று பிரியத்தோடு ஒரு வரி சேர்த்துத் தருகிற தெரபிஸ்டுகள் உண்டு. அந்தப் பிரியம் வேண்டாம். ஒரு மாணவருக்கு அப்படி எழுதியவர் அடுத்த மாணவருக்கு எழுதாமல் விட்டால், விட்டதையே கல்லூரி படித்துப் பார்க்கும். தவிர, தன்னைப் பற்றிக் கல்லூரிக்கு ஒரு வார்த்தை போகும் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து மாணவர் தெரபியில் உண்மை பேச மாட்டார். தேறிய மாணவர் போல நடந்துகொள்வார். கட்டிய பணமும் நேரமும் வீண்.

இது நூறாண்டு பழைய சிக்கல். 1920-இல் தொடங்கிய பெர்லின் உளப்பகுப்பாய்வு (ஃப்ராய்ட் வகுத்த தெரபி முறை) நிலையம்தான் மாணவரின் சொந்தப் பகுப்பாய்வை முறையான பயிற்சியின் பகுதியாக்கியது. உளப்பகுப்பாய்வாளர் ஹான்ஸ் சாக்ஸ் அங்கே மாணவர்களைப் பகுப்பாய்வு செய்யும் வேலைக்கென்றே அமர்ந்தார். பிறகு பல நிலையங்களில், மாணவரைப் பகுப்பாய்வு செய்தவரே "இவர் தயார்", "இவர் தயாரில்லை" என்று பயிற்சிக் குழுவுக்குச் சொல்லும் வழக்கம் வந்தது. விளைவு எதிர்பார்த்ததுதான்: மாணவர்கள் சொல்ல வேண்டியதை மறைத்தார்கள், பட்டம் வாங்கிய பிறகு வேறொருவரிடம் போய் உண்மையான பகுப்பாய்வைத் தொடங்கியவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் பல நிலையங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. நம் நாட்டில் 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸுக்கு இந்தத் தொல்லையே இருக்கவில்லை. அவரைப் பகுப்பாய்வு செய்ய இங்கே ஆளே இல்லை.

மற்ற நாடுகள் இதை எப்படி எழுதி வைத்தன என்று பார்த்தால் நமக்கு வேண்டிய வாசகம் கிடைத்துவிடுகிறது. ஜெர்மனியின் 1998-ஆம் ஆண்டுப் பயிற்சி விதி, மாணவர் தன்னையே ஆராயும் பயிற்சிக்குக் குறைந்தது 120 மணி நேரத்தைக் கேட்டது. கூடவே ஒரு நிபந்தனை: மாணவருக்கும் அதை நடத்துபவருக்கும் உறவுமுறை இருக்கக் கூடாது, பணத்திலோ பணியிலோ ஒருவரை ஒருவர் சார்ந்திருக்கக் கூடாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் 7.05 என்ற விதி, தெரபியைக் கட்டாயமாக்கும் படிப்பு வெளியாளிடம் போகும் உரிமையை மாணவருக்குத் தர வேண்டும் என்கிறது. மதிப்பெண் போடுகிற ஆசிரியரோ போடக்கூடிய ஆசிரியரோ அந்த தெரபியைத் தரக் கூடாது என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய 7.04, மாணவரின் பாலியல் வரலாறு, துன்புறுத்தப்பட்ட வரலாறு, எடுத்த சிகிச்சை, பெற்றோர் மற்றும் துணையுடனான உறவு இவற்றை வகுப்பிலோ படிப்பு சார்ந்த வேலைகளிலோ வாய்மொழியாகவோ எழுத்திலோ கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்கிறது. அதற்கு இரண்டே விலக்கு. சேர்க்கையின்போதே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது மாணவரின் சொந்தப் பிரச்சினை அவருடைய பயிற்சி வேலையைத் தடுக்கிறது அல்லது அவருக்கோ பிறருக்கோ ஆபத்தாகிறது என்று கருத நியாயமான காரணம் இருக்க வேண்டும்.

இங்கே பல முதுகலைப் படிப்புகளில் சொந்த தெரபி "செய்தால் நல்லது" என்ற அளவிலேயே நிற்கிறது. கட்டாயம் இல்லாத இடத்தில் விதியும் இருக்காது. அப்போது மாணவரே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. 40 மணி நேரம் வேண்டும் என்று கல்லூரி கேட்டால், 50 நிமிட அமர்வு ஒரு மணி நேரமாகக் கணக்கில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். சேராது என்றால் 48 அமர்வு ஆகும். வாரம் ஒன்று வீதம், செமஸ்டர் விடுமுறையும் பொங்கலும் தீபாவளியும் போக, ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும். ஒரு அமர்வு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் 48 ஆயிரம். இதைக் கடைசி செமஸ்டரில் தொடங்குபவர்கள் வாரம் மூன்று அமர்வு வைத்து மணி நேரத்தை நிரப்புகிறார்கள். சான்று கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. முதல் வருஷத்திலேயே தொடங்குங்கள். மாணவர் கட்டணம் உண்டா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம், பலர் குறைத்துக்கொள்வார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். சென்னை தவிர்த்த ஊர்களில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். பயிற்சியில் நீங்கள் பார்க்கும் கேஸ்களை மேற்பார்வை செய்யும் சூப்பர்வைசரும் நீங்கள் போகும் தெரபிஸ்டும் ஒரே கல்லூரியில் படித்திருப்பார்கள், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள், ஒரே பயிலரங்கில் பேசுவார்கள். ஆகவே முதல் போனிலேயே நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். எங்கள் துறையில் வகுப்பு எடுக்கிறீர்களா, வெளித்தேர்வாளராக வருவீர்களா? எங்கள் ஆசிரியர்களில் யாரையாவது நெருக்கமாகத் தெரியுமா? என் வகுப்பைச் சேர்ந்த வேறு யாராவது உங்களிடம் வருகிறார்களா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடியாது. ஆனால் "ஒரே வகுப்பில் இருவரை எடுக்கும் வழக்கம் உண்டா" என்று பொதுவாகக் கேட்கலாம். கல்லூரியிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றுதான்: "உங்கள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் நீங்கள் வருகிறீர்கள் என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன்."

கல்லூரியின் மாணவர் ஆலோசகர் இலவசமாகக் கிடைப்பார். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அவரே துறையில் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பவராகவோ துறைத் தலைவருக்கு மாதாந்திர அறிக்கை கொடுப்பவராகவோ இருந்தால் நீண்ட தெரபிக்கு அவர் வேண்டாம். தூரத்து ஊரில் இருப்பவரிடம் ஆன்லைனில் போவது இந்த நெருக்கத்தைத் தவிர்க்க நல்ல வழி. அதற்கு வேறு விலை உண்டு: ஹாஸ்டல் அறை. அறைத்தோழி ஹெட்போன் போட்டுப் படுத்திருக்கிறார் என்பது தனிமை ஆகாது. நூலகத்தின் குழு அறை, உறவினர் வீட்டு மாடி, நிறுத்திய காருக்குள் என்று ஒரு நிலையான இடம் பிடிக்காமல் ஆன்லைன் தெரபியைத் தொடங்க வேண்டாம். இடம் கிடைக்காத வாரங்களில் மாணவர்கள் பேச்சைத் தணிக்கை செய்துகொள்கிறார்கள். அது தெரபிஸ்டுக்குப் "பேச விருப்பமில்லாத மாணவர்" என்று தெரிகிறது.

பணம் இன்னொரு ஓட்டை. அப்பாவின் கணக்கிலிருந்து யுபிஐ போனால், குறிப்புப் பகுதியில் "தெரபி" என்று எழுதாவிட்டாலும் கிளினிக்கின் பெயர் வங்கி ஸ்டேட்மென்டில் நிற்கும். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் அது உங்கள் முடிவாக இருக்க வேண்டும், ஸ்டேட்மென்டின் முடிவாக இருக்கக் கூடாது. வரன் பார்க்கும் வயதில் இருக்கும் மகள் "மனசு டாக்டரிடம்" போகிறாள் என்று தெரிந்தால் என்ன பேச்சு வரும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "படிப்பில் கட்டாயம், எல்லா மாணவர்களும் போகிறார்கள்" என்று சொல்ல முடிந்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. படிப்புகள் இதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் எவ்வளவு காப்பாற்றும்? நினைப்பதைவிடக் குறைவாக. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் பிரிவு 23 ரகசிய உரிமை தருகிறது. ஆனால் அது "மனநோய் உள்ள நபருக்கு" என்று பேசுகிறது. மனநோய் எதுவும் இல்லாமல் பயிற்சிக்காக தெரபிக்குப் போகும் மாணவர் அந்த வரையறைக்குள் எளிதாக வரமாட்டார். சட்டம் சொல்லும் மனநல நிபுணர் என்ற வரையறைக்குள் எல்லா கவுன்சலர்களும் வருவதில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடச் சொல்ல முடியாது என்று நம் சாட்சியச் சட்டம் காக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தெரபிஸ்டுக்கு அப்படி ஒரு காப்பு எழுதப்படவில்லை. நீதிமன்றம் கேட்டால் தெரபிஸ்டின் குறிப்பேடு போகும். ஆகவே உங்களுக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு, முதல் அமர்வில் கையெழுத்திடும் ஒப்புதல் தாள்தான். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் மாணவர்கள், இரண்டு மாதம் கழித்துத் தங்கள் கிளையன்டுகளிடம் அதே போன்ற தாளை நீட்டப் போகிறார்கள்!

அந்தத் தாளில் விலக்குகள் தனித்தனியாக இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்குச் சொல்வார்? "பெற்றோருக்கு அல்லது கல்லூரிக்கு" என்று இருந்தால் "கல்லூரிக்கு" என்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் பெயர் தரும் ஒருவர் போதும். எவ்வளவு சொல்வார்? மனநலச் சட்டமே, ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் என்றுதான் வரையறுக்கிறது. அந்த வாசகத்தையே தாளில் வைக்கச் சொல்லலாம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தின் பிரிவு 19, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரபிஸ்டுக்கு விலக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தந்த தளர்வு, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை அவரும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்ற அளவில் நிற்கிறது. இப்போது 23 வயதான மாணவர், தனக்கு 15 வயதில் உறவினர் ஒருவரால் நடந்ததைத் தன் தெரபியில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் சட்டம் வந்த பிறகு நடந்தது. பாதிக்கப்பட்டவர் இன்று மேஜர் என்பதால் கடமை நீங்கியது என்று பிரிவு 19 சொல்லவில்லை. நடைமுறையில் தெரபிஸ்டுகள் இதை வெவ்வேறு விதமாகக் கையாள்கிறார்கள். ஆகவே விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, பொதுவான கேள்வியாகக் கேளுங்கள்: "வயது வந்த ஒருவர் தன் சிறுவயதில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" பதிலைக் கேட்ட பிறகு எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்காமலே சொல்லிவிட்டு, பிறகு "போலீஸ்" என்ற சொல்லைக் கேட்டு தெரபியையே விட்டு ஓடியவர்களைப் பற்றி இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அதே பிரிவு 19 உங்கள் மேலும் நிற்கிறது. பள்ளி இன்டர்ன்ஷிப்பில் ஒரு குழந்தை சொன்னால் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். ஆனால் அவரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்தது என்று சட்டம் சொல்லவில்லை. புகார் போனதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி மறுபக்கம். உங்கள் ரகசியத்தைக் காக்க இவ்வளவு பாடுபடும் நீங்கள், உங்கள் கிளையன்டின் ரகசியத்தைச் சொந்த தெரபிக்குள் அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிடுவீர்கள். அங்கே பேசுவது பாதுகாப்பானது என்ற நினைப்பே காரணம். உங்கள் தெரபிஸ்ட் உங்கள் கிளையன்டுக்குப் பொறுப்பானவர் இல்லை, கிளையன்ட் அவருக்கு அனுமதி தரவும் இல்லை. சூப்பர்வைசருக்குத் தந்திருக்கிறார், ஒப்புதல் தாளில் அது இருக்கிறது. "நேத்து ஒரு மூணாம் வருஷ இன்ஜினியரிங் பையன், அவங்க அப்பா அந்த ஸ்டேஷன்ல ஏட்டு" என்று தொடங்கினால் அந்தப் பையன் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். "கோபக்கார அப்பாக்களைப் பத்தி யாராவது பேசினா எனக்கு வாய் அடைச்சுப் போகுது" என்றால் நீங்கள்தான் அங்கே இருக்கிறீர்கள். தெரபிக்கு வேண்டியதும் அதுதான். கிளையன்டைப் பற்றி விரிவாகப் பேசியே தன்னைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கும் மாணவர்கள் ஏராளம். நல்ல தெரபிஸ்ட் மூன்றாவது அமர்வுக்குள் பிடித்துவிடுவார்.

சூப்பர்வைசரிடம் எதிர்த்திசையில் அளவு வேண்டும். அமர்வில் உங்களுக்குத் தூக்கம் வந்தது, அழுகை வந்தது, ஒரு கேள்வியைக் கேட்காமல் தவிர்த்தீர்கள் என்றால் அது கிளையன்டைப் பாதிக்கும் விஷயம், சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டும். ஏன் வந்தது என்ற உங்கள் குடும்பக் கதை தெரிய வேண்டியதில்லை. "இந்த விஷயம் எனக்கும் நெருக்கமானது, என் தெரபியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்தக் கிளையன்டிடம் இன்ன இடத்தில் தடுமாறினேன்" என்ற அளவு போதும். மேலும் துருவிக் கேட்டால், "அது வேலைக்கு எப்படி உதவும் என்று சொல்லுங்கள் மேடம்" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது எளிதல்ல, மார்க் அவர் கையில். அதனால்தான் இது மாணவரின் துணிச்சலை நம்பி இருக்கக் கூடாது, படிப்பின் விதியில் இருக்க வேண்டும்.

கிளையன்டுகளைப் பற்றித் தேர்வுக்காக எழுதித் தரும் கேஸ் ரெக்கார்டுக்கு வருவோம். மேலே "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டு, உள்ளே தாலுகா, சாதி, கணவர் துபாயில், இரட்டைக் குழந்தைகள், கிராம நிர்வாக அலுவலர் என்று எல்லாம் இருக்கும். அந்தத் தாலுகாவில் அப்படி ஒருவர்தான் இருப்பார். சோதனை ஒன்று உண்டு: இந்த ரெக்கார்டை அவருடைய நாத்தனார் படித்தால் யாரென்று கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் இன்னும் மாற்ற வேண்டும். வயதை "முப்பதுகளின் நடுவில்" ஆக்குங்கள். வேலையை அதே அந்தஸ்துள்ள வேறு அரசு வேலையாக மாற்றுங்கள். தேதியை "இரண்டு ஆண்டுகளுக்கு முன்" ஆக்குங்கள். பிரச்சினையே சாதியைச் சுற்றி என்றால் சாதிகளுக்கு இடையிலான உறவை வைத்துக்கொண்டு மாவட்டத்தை எடுத்துவிடுங்கள். நோயின் போக்குக்குக் காரணமானவற்றை மட்டும் தொடாதீர்கள். மாற்றியதில் கேஸே வேறாகிவிட்டால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே குட்டு உடையும்.

அதற்குப் பிறகு அந்த ஃபைல் எங்கே போகிறது? ஜெராக்ஸ் கடைக்கு. கடைக்காரர் வாட்ஸ்அப் நம்பருக்கு பிடிஎஃப் அனுப்பி, பிரின்ட் எடுத்து, பைண்டிங் போட்டு வாங்குகிறோம். பத்து கேஸ் அந்தக் கடையின் கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். பென்டிரைவில் கொண்டுபோய், அதிலிருந்தே நேரடியாகத் திறந்து அச்சிட்டு, கூடவே நின்று வாங்குங்கள். வீணான தாளைக் கடையின் குப்பைக் கூடையில் விடாதீர்கள், பஜ்ஜி மடிக்கப் போய்விடும்.

கிளையன்டுடனான அமர்வின் ஆடியோ பதிவு இன்னும் மோசம். போனில் பதிவு செய்தால், பேக்கப் இயங்கினால் அது தானாக கூகுள் டிரைவுக்கு ஏறக்கூடும், வீட்டில் பகிர்ந்த கணக்கு என்றால் தம்பியின் டேப்லெட்டிலும் தெரியக்கூடும். பேக்கப்பை நிறுத்திவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஃபைலுக்குக் கிளையன்டின் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறிடத்தில், முடிந்தால் காகிதத்தில் மட்டும். அழிக்கும் தேதி ஒப்புதல் தாளிலேயே இருக்கட்டும். உரையாடலை எழுத்தாக்க இலவச இணையச் செயலிகளில் ஏற்றுவது இப்போது பரவியிருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும், சலிப்பு புரிகிறது. ஆனால் கிளையன்டின் குரலையே முகம் தெரியாத நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. சாட்பாட்டிடம் கேஸைச் சொல்லி யோசனை கேட்பதற்கும் இதே பதில்.

வகுப்பில் நடத்தும் குழு அனுபவப் பயிற்சிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. "இங்கே பேசியது இங்கேயே இருக்கும்" என்று ஆசிரியர் சொல்வார். முப்பது பேர் இருக்கும் அறையில் அந்த வாக்கை அவரால் காக்க முடியாது, தன் வாயை மட்டுமே காக்க முடியும். அவரே மதிப்பெண்ணும் போடுகிறார் என்றால் அதுவும் சந்தேகம். அங்கே பேசுவதற்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள்: உண்மையானதாக இருக்கட்டும், ஆனால் மறுநாள் கேன்டீனில் காதில் விழுந்தால் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். மதிப்பெண் உள்ள சுயசிந்தனை நாட்குறிப்புக்கும் இதே அளவுதான். அதிகம் அழுதவருக்கு அதிக மார்க் என்று ஒரு வகுப்பு புரிந்துகொண்டுவிட்டால் நாட்குறிப்புகள் வாக்குமூலங்கள் ஆகிவிடும், சிலது கற்பனையாகவும் இருக்கும். நடந்த சம்பவத்தை விட்டுவிட்டு, அது உங்கள் கேட்கும் முறையில் என்ன மாற்றம் செய்தது என்று எழுதினால் போதும். மார்க் போட வேண்டியதும் அதற்குத்தான்.

பட்டம் வாங்கிய பிறகு உங்கள் தெரபிஸ்ட் உங்கள் சக ஊழியர் ஆகிவிடுவார். கருத்தரங்கில் சந்திப்பீர்கள். யார் முதலில் வணக்கம் சொல்வது, மற்றவர்கள் எதிரே எப்படி அறிமுகம் என்பதைக் கடைசி இரண்டு அமர்வுகளில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொடங்காமல் அவர் தொடங்கக் கூடாது என்பது வழக்கம். அவர் உங்களுக்குக் கிளையன்டுகளை அனுப்பினால் ஏற்க வேண்டாம். வேலைக்குப் பரிந்துரைக் கடிதமும் அவரிடம் கேட்க வேண்டாம். அதைக் கொடுத்தால், உங்களைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று அடுத்தவர் கேட்பார்.